செல்வ நாடுகளும் இயற்கைச் சீற்றமும்

பொருள் உடையவனைத் துன்பம் எளிதில் அணுகாது என்பது உலகோர் எண்ணம். ஒரு மனிதனைப் பற்றிய இவ்வெண்ணத்தை நாம் நாடுகளுக்கும் பொருத்திப் பார்க்கிறோம். ஏழை நாட்டில் புயல் வீசினால் உயிர்கள் மடியும்; செல்வ நாட்டில் வீசினால் சில கூரைகள் சேதமாகும், அவ்வளவே என்று நினைக்கிறோம். ஆனால் அண்மைக் கால வரலாறு வேறொன்றைக் கூறுகிறது. 2003ஆம் ஆண்டு ஃபிரான்சு நாட்டில் கோடை வெப்பத்தால் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். 2005இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில் மக்கள் குடிநீரும் உணவுமின்றி வீட்டுக் கூரைகளின்மேல் நின்று கையசைத்தனர். 2021இல் ஜெர்மனியில் ஆர் என்னும் சிற்றாறு ஓர் இரவில் 130க்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. 2024இல் ஸ்பெயின் நாட்டின் வலென்சியாப் பகுதியில் வெள்ளத்தால் 220க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இந்நாடுகளில் பொருளுக்குக் குறைவில்லை, அறிவியலுக்கும் குறைவில்லை. விண்ணில் செயற்கைக்கோள்களும் மண்ணில் அகன்ற சாலைகளும் உண்டு. இருந்தும் ஏன் தடுமாறினர்? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது நமக்கு வெறும் அயல்நாட்டுச் செய்தி அன்று. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்தது கோட்டுகால். அதன் கடற்கரை அடிமலைத்துறை. அங்கிருந்து தெற்கே பூவாறு, பொழியூர் எனச் சென்று, மாநில எல்லையைத் தாண்டினால் நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் எனக் குமரி மாவட்டத்து மீனவ ஊர்கள் தொடர்கின்றன. 2017ஆம் ஆண்டின் ஒக்கிப் புயல் இக்கரை முழுவதையும் கண்ணீரில் ஆழ்த்தியது. ஆகவே பிற நாட்டார் எங்கே வழுக்கினர் என்பதை நாம் அறிந்து வைப்பது நம் ஊரைக் காக்கும் அறிவாகும்.

1. செல்வம் செய்யும் உதவி

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். செல்வத்தால் பயனே இல்லை என்று கூறுவது உண்மைக்கு மாறானது. 2010ஆம் ஆண்டு சனவரியில் ஹெயிட்டி நாட்டில் 7.0 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. இறந்தோர் தொகை 1 லட்சத்துக்கும் மேல் என்பர். அந்நாட்டு அரசு 3 லட்சம் வரை கூறியது. அடுத்த மாதமே சிலி நாட்டில் 8.8 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. வெளிப்பட்ட ஆற்றலைக் கணக்கிட்டால் இது முன்னதைவிட ஏறத்தாழ 500 மடங்கு பெரிது. எனினும் சிலியில் இறந்தோர் ஏறத்தாழ 500 பேர் மட்டுமே. நடுக்கத்தின் ஆழமும் ஊர்களின் தொலைவும் ஓரளவு காரணம் ஆயினும், சிலியின் உறுதியான கட்டட விதிகளும் அவற்றைப் பின்பற்றும் வசதியும் பல்லாயிரம் உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை.

இங்கே நாம் இரண்டு செயல்களைப் பிரித்துணர வேண்டும். ஒன்று, இடரைத் தாங்குதல். மற்றொன்று, இடர் நேரும்போது எதிர்கொள்ளுதல். உறுதியான வீடு, உயர்ந்த பாலம், வடிகால், மருத்துவமனை ஆகியவை முதலாவதற்கு வேண்டும். இவற்றைப் பொருள் கொடுத்து வாங்கலாம். இரண்டாவதற்கு வேண்டியவை வேறு. வரும் ஆபத்தைப் பற்றிய சொல் கடைசி மனிதனின் காதுவரை செல்ல வேண்டும். ஐயம் தீரும்வரை காத்திராமல் முடிவெடுப்பவர் ஒருவர் வேண்டும். நடக்க இயலாதவரைத் தூக்கிச் செல்ல அருகில் ஒரு கை வேண்டும். இம்மூன்றும் கடையில் விற்கும் பொருள்கள் அல்ல. செல்வம் பெருகப் பெருக இவை தாமே வளர்வதும் இல்லை. சில இடங்களில் தேய்ந்தும் போகின்றன. செல்வ நாடுகள் தடுமாறியதன் காரணங்களை நான்கு வகையாகப் பிரித்துக் காண்போம்.

2. சுவர் தந்த துணிவு

முதற் காரணம், கட்டிய சுவரை அளவுக்கு மீறி நம்புதல்.

ஜப்பானின் வடகிழக்குக் கரையில் தாரோ என்னும் மீனவ ஊர் உள்ளது. 1896இலும் 1933இலும் கடல்கோள் அவ்வூரை அழித்தது. அதன்பின் அம்மக்கள் 10 மீட்டர் உயரமுள்ள பெருஞ்சுவரை எழுப்பினர். இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட அச்சுவரைக் காண அயல்நாட்டு அறிஞரும் வந்தனர். 2011 மார்ச் 11ஆம் நாள் வந்த அலை அச்சுவரைத் தாண்டியது. ஊரில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சுவர் இருக்கிறது என்னும் துணிவால் மேட்டுக்கு ஓடாமல் தங்கியவரும் அவருள் இருந்தனர்.

அன்று முதலில் வந்த அறிவிப்பும் அலையின் உயரத்தைக் குறைத்தே கூறியது. நிலநடுக்கம் தோன்றிய மூன்று நிமிடங்களில், இவாத்தே மாநிலக் கரையில் 3 மீட்டர் அலை எழும் என்று அறிவித்தனர். பிறகு அவ்வளவைப் படிப்படியாக உயர்த்தினர். ஆனால் மின்சாரம் அறுந்துபோனதால் திருத்திய அறிவிப்பு பலரை எட்டவில்லை. 3 மீட்டர் என்று கேட்டவர், 10 மீட்டர் சுவருக்குப் பின்னால் இருப்பவர், ஏன் ஓட வேண்டும்? அவர் எண்ணத்தில் தவறில்லை. அவர் கையில் இருந்த கணக்கே தவறாயிற்று.

அதே நாளில் அதே கரையில் இரண்டு பள்ளிகளில் நடந்தவற்றை மாணவர் அனைவரும் அறிய வேண்டும். கமாய்ஷி நகரில் உனொசுமாய் என்னும் பகுதியிலிருந்த நடுநிலைப் பள்ளி, வெள்ள அபாய வரைபடத்தில் ஆபத்தில்லாத இடம் என்று குறிக்கப்பட்டிருந்தது. ஆயினும் வரைபடத்தை முழுதும் நம்பாதே, உன்னால் இயன்ற உயரத்துக்குப் போ என்று அம்மாணவருக்குப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்திருந்தனர். நிலம் நடுங்கியதும் அவர்கள் ஓடினர். அவர்கள் ஓடுவதைக் கண்டு அருகிலிருந்த தொடக்கப் பள்ளிச் சிறுவரும் உடன் சென்றனர். ஓரிடத்தில் நின்றபின் அதுவும் போதாதெனக் கண்டு இன்னும் மேலே ஏறினர். பள்ளியிலிருந்து ஒருங்கே சென்ற அத்தனை பேரும் பிழைத்தனர். இஷினோமாகி நகரின் ஒகாவா தொடக்கப் பள்ளியிலோ, பள்ளிக்கு அருகிலேயே குன்று இருந்தும், எங்கே செல்வது என்று முடிவு செய்யாமல் ஏறத்தாழ 50 நிமிடம் பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்தி வைத்தனர். 74 சிறுவர் உயிரிழந்தனர். நாடு ஒன்று, செல்வம் ஒன்று, அலையும் ஒன்று. பயிற்சியும் முடிவும் மட்டுமே வேறுபட்டன.

நியூ ஆர்லியன்சு நகரின் கதையும் இதனை ஒத்ததே. அந்நகரின் ஏறத்தாழப் பாதிப் பகுதி கடல் மட்டத்துக்குத் தாழ்ந்தது. கரைகளை உயர்த்தி, நீரை இயந்திரங்களால் இறைத்து, அப்பள்ளத்தில் நகரை வளர்த்தனர். காப்பு இருக்கிறது என்பதனால் ஆபத்தான நிலத்தில் மேன்மேலும் வீடுகள் எழுந்தன. 2005 ஆகஸ்டு 29ஆம் நாள் கத்ரினாப் புயலில் அக்கரைகள் 50க்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்தன. நகரின் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. சிறு வெள்ளங்களைத் தடுத்த கரையே, பெருவெள்ளத்தின் பாதையில் மக்களைக் குடியேறச் செய்தது எனலாம்.

3. செய்தி உண்டு; செவியை எட்டவில்லை

இரண்டாவது காரணம், அறிந்தவர்க்கும் அறிய வேண்டியவர்க்கும் இடையே உள்ள தொலைவு.

2024 அக்டோபர் 29ஆம் நாள் காலை எட்டு மணிக்கு முன்னரே, ஸ்பெயின் வானிலை நிறுவனம் வலென்சியாவுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. மக்களின் செல்பேசிகளில் அபாய ஒலி எழுப்பும் அரசின் அறிவிப்பு வந்ததோ இரவு எட்டு மணிக்குப் பிறகு. அதற்குள் பல ஊர்களின் தெருக்களில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து காரில் திரும்பியவர்களும், காரை மீட்கக் கீழ்த்தளத்தில் இறங்கியவர்களும் அகப்பட்டுக்கொண்டனர். ஆனால் வலென்சியாப் பல்கலைக்கழகம் முதல் நாளே வானிலை அறிக்கையைக் கண்டு வகுப்புகளை நிறுத்திவைத்தது. ஆயிரக்கணக்கான மாணவர் அன்று சாலையில் இல்லை. அதே அறிக்கையே எல்லோர்க்கும் கிடைத்தது. ஒருவர் அதன்படி செயற்பட்டார், மற்றவர் காத்திருந்தார்.

ஜெர்மனியில் 2021 சூலை 14ஆம் நாளுக்குச் சில நாட்கள் முன்னரே ஐரோப்பிய வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு எச்சரிக்கை அனுப்பியிருந்தது. அந்நாட்டில் பனிப்போர்க் காலத்துச் சங்குகள் பல இடங்களில் தேவையற்றவை என அகற்றப்பட்டிருந்தன. அவற்றுக்கு ஈடாகச் செல்பேசிச் செயலிகளை நம்பினர். ஒரு பகுதியிலுள்ள எல்லாச் செல்பேசிகளிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் முறை அப்போது அங்கு இல்லை. அதன்பின் 2023இலேயே நடைமுறைக்கு வந்தது. இரவில் ஆறு பெருகியபோது உறங்கியவரை எழுப்ப ஓசை இல்லை. சின்சிக் என்னும் ஊரில் மாற்றுத்திறனாளிகள் தங்கியிருந்த இல்லத்தில் 12 பேர் கீழ்த்தளத்திலேயே இறந்தனர்.

ஆளுவோர் தயங்குவது ஏன்? செல்வ நாட்டில் ஒரு நாள் தொழிலை நிறுத்துவது பெரும் இழப்பு. ஆலை நிற்கும், அங்காடி அடைக்கப்படும், ரயில் ஓடாது. எச்சரித்தும் புயல் வராவிட்டால் பழி வரும் என்று அதிகாரி அஞ்சுகிறார். மேலும் அங்கே அலுவலகங்கள் பல. வானிலைக்கு ஒன்று, ஆற்றுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தன் கடமையைச் செய்துவிட்டு, முடிவை அடுத்த மேசைக்கு அனுப்புகிறது. வெள்ளம் மேசைகளுக்காகக் காத்திருப்பதில்லை.

4. எல்லோரிடமும் இருக்கும் என்ற எண்ணம்

மூன்றாவது காரணம், திட்டம் தீட்டுவோர் தம்மைப் போன்றவரையே மனத்திற்கொண்டு தீட்டுதல்.

கத்ரினாப் புயல் வருவதை அமெரிக்க வானிலை அறிஞர் தெளிவாக முன்கூறினர். ஓராண்டுக்கு முன், 2004 சூலையில், அத்தகைய புயல் அந்நகரைத் தாக்குவதாக வைத்துக்கொண்டு அதிகாரிகள் ஒத்திகையும் நடத்தினர். ஆகவே அறியாமை காரணம் அன்று. ஆகஸ்டு 28ஆம் நாள், அனைவரும் நகரை விட்டு வெளியேறுக என ஆணை பிறந்தது. கார் உடையோர் சென்றனர். காரில்லாதோர், நோயாளர், முதியோர், மாதக் கடைசியில் கையில் பணமின்றி இருந்தோர் என ஏறத்தாழ 1 லட்சம் பேர் தங்கிவிட்டனர். அவர்களை ஏற்றிச் செல்லக்கூடிய பள்ளிப் பேருந்துகள் ஓட்டுநரின்றி நின்ற இடத்திலேயே நீரில் மூழ்கின. விளையாட்டு அரங்கம் ஒன்றில் பல்லாயிரம் பேர் அடைந்து கிடந்தனர். அப்புயலால் இறந்தோர் 1,300க்கு மேற்பட்டவர். லூயிசியானா மாநிலத்தில் இறந்தவருள் ஏறத்தாழப் பாதிப் பேர் 75 வயதைக் கடந்தவர்கள்.

வெளியேறுக என்ற ஆணையில் எப்படி என்ற கேள்விக்கு விடை இல்லை. எல்லோர் வாசலிலும் கார் நிற்கும் என்ற எண்ணத்தில் எழுதிய ஆணை அது. செல்வ நாட்டிலும் ஏழைகள் உண்டு. நாட்டின் சராசரி வருமானம் உயர்ந்தது என்பதால் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. இடர் வரும்போது முதலில் மூழ்குவோர் அவர்களே.

5. தனிமை என்னும் நோய்

நான்காவது காரணம் அமைதியானது, ஆனால் கொடியது.

2003 ஆகஸ்டில் ஐரோப்பாவில் வெப்பம் கடுமையாயிற்று. ஃபிரான்சில் அது விடுமுறை மாதம். குடும்பங்கள் கடற்கரைக்கும் மலைக்கும் சென்றிருந்தன. மருத்துவரும் அலுவலரும் விடுப்பில் இருந்தனர். நகரங்களின் மேல்மாடி அறைகளில் முதியோர் தனித்து வாழ்ந்தனர். வெப்பம் வெள்ளத்தைப் போல ஆரவாரத்தோடு வருவதில்லை. ஒரு குவளை நீர் கொடுக்கவும், ஈரத்துணியால் துடைக்கவும், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் ஒருவர் இருந்தால் பலர் பிழைத்திருப்பர். செப்டம்பரில், உரிமை கோர எவரும் வராத உடல்களைப் பாரிஸ் நகராட்சி அடக்கம் செய்தது. குடியரசுத் தலைவர் ஜாக் சிராக் அங்கே வந்து நின்றார். உலகின் சிறந்த மருத்துவ அமைப்புகளுள் ஒன்றை உடைய நாட்டில் நேர்ந்தது இது. அடுத்த ஆண்டே அந்நாடு வெப்பக் காலத்துக்கெனத் தனித் திட்டம் வகுத்தது.

1995 சனவரி 17ஆம் நாள் விடியலில் ஜப்பானின் கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கம் இதன் மறுபக்கத்தைக் காட்டும். அதில் 6,434 பேர் இறந்தனர். படைகளை அனுப்புவதில் அரசு காலம் தாழ்த்தியது. இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீண்டவருள் பெரும்பாலோரை மீட்டவர்கள் குடும்பத்தாரும் அண்டை வீட்டாருமே. அருகிலுள்ள அவாஜித் தீவின் ஹொகுதான் என்னும் சிற்றூரில், யார் எந்த அறையில் உறங்குவார் என்பதுகூட அண்டையாருக்குத் தெரியும். அதனால் எங்கே தோண்டுவது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அன்றைய பொழுதுக்குள் புதைந்தோர் அனைவரையும் எடுத்துவிட்டனர். எந்த இயந்திரமும் தராத அறிவு அது.

6. எளியோர் கற்ற பாடம்

இனி எளிய நாடுகளின் பக்கம் திரும்புவோம். 1970 நவம்பரில், அன்று கிழக்குப் பாகிஸ்தான் என வழங்கிய வங்கதேசத்தில் புயலும் கடற்பெருக்கும் சேர்ந்து குறைந்தது 3 லட்சம் பேரைக் கொன்றன. 1972இல் அந்நாடு செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஊர்தோறும் தொண்டர்களைச் சேர்த்தனர். கொடியேற்றுவதும், கையொலிபெருக்கியுடன் மிதிவண்டியில் சென்று வீடுதோறும் சொல்வதும் அவர்கள் பணி. இன்று 70,000க்கும் மேற்பட்ட தொண்டர் உள்ளனர். அவருள் பாதிப் பேர் பெண்கள். 1991 புயலில் 1 லட்சத்து 38 ஆயிரம் பேர் இறந்தனர். புகலிடங்கள் பெருகிய பின், 2007இல் வந்த கடும் சிதர்ப் புயலில் இறந்தோர் ஏறத்தாழ 3,400. அதுவும் பெருந்துயரமே. எனினும் 3 லட்சம் எங்கே, 3,000 எங்கே? அந்நாடு அதற்குள் செல்வ நாடாகிவிடவில்லை.

நம் நாட்டில் ஒடிசா மாநிலம் இதற்குச் சான்று. 1999 அக்டோபர்ப் பெரும்புயலில் அங்கு ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அம்மாநிலம் உடனே தனிப் பேரிடர் ஆணையம் அமைத்தது. கரையோரத்தில் பலநோக்குப் புகலிடங்களைக் கட்டியது. ஊர்க்குழுக்களுக்குப் பயிற்சி அளித்தது. 2013இல் பைலின் புயலின்போது ஏறத்தாழ 10 லட்சம் மக்களை முன்கூட்டியே வெளியேற்றினர். இறந்தோர் தொகை பத்துகளின் அளவில் நின்றது. புகலிடம் எங்கே, யார் அழைத்துச் செல்வார், மாட்டை என்ன செய்வது, முதியவரை யார் தூக்குவார் என்பவற்றையெல்லாம் முன்பே பேசி முடித்திருந்ததே அவர்களது வெற்றியின் அடிப்படை.

7. நம் கடற்கரையில் நடந்தது

இவற்றை மனத்திற்கொண்டு நம் கரைக்கு வருவோம். 2017 நவம்பர் 29ஆம் நாள் இலங்கைக்கு அருகே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் தோன்றியது. அது ஒரே நாளில் வலுவடைந்து, 30ஆம் நாள் குமரிக் கடலில் ஒக்கிப் புயலாயிற்று. கடலுக்குச் செல்ல வேண்டாம் என்னும் பொதுவான அறிவுரை முன்னரே இருந்தது. ஆனால் புயல் என்ற சொல் வெளிப்பட்டது 30ஆம் நாளிலேதான். அதற்குள் சிறு வள்ளங்களில் அன்றாடத் தொழிலுக்குச் சென்றவர் கடலில் இருந்தனர். ஆழ்கடல் விசைப்படகுகளில் சென்றவரோ பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டுவிட்டனர். செல்பேசியின் அலை கரையிலிருந்து சிறிது தொலைவே எட்டும். விண்ணிலிருந்து புயலின் படத்தை எடுக்க முடிந்த நாட்டால், அப்புயலின் கீழே இருந்த படகுக்கு ஒரு சொல்லை அனுப்ப முடியவில்லை.

கேரளத்திலும் தமிழகத்திலும் சேர்த்து இறந்தோரும் மீளாதோருமாக 300க்கும் மேற்பட்ட மீனவரை நாம் இழந்தோம். கடற்படையும் கடலோரக் காவற்படையும் விமானப்படையும் பலரை மீட்டன என்பது உண்மை. அதே வேளையில், நீரோட்டம் எப்பக்கம் இழுக்கும் என்பதை அறிந்த மீனவர் தாமே படகுகளை எடுத்துக்கொண்டு தேடச் சென்றனர் என்பதும் உண்மை. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நிலத்தில் அன்று கோடு விழுந்தது. கடலில் கோடு இல்லை. பூவாற்றுக்காரரும் தூத்தூர்க்காரரும் ஒரே நீரில் வலை வீசுகின்றனர். பல படகுகளில் இரு மாநிலத்தாரும் சேர்ந்தே செல்கின்றனர். ஆனால் அவர்களைத் தேடும் பட்டியல்கள் இரண்டு. கேட்க வேண்டிய அலுவலகங்களும் இரண்டு. வலென்சியாவிலும் ஆர் ஆற்றங்கரையிலும் கண்ட நோய் நம்மிடமும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

ஒன்பது மாதம் கழித்து, 2018 ஆகஸ்டில், கேரளம் முழுதும் பெருவெள்ளம் வந்தது. செங்கன்னூர், ஆறன்முளை, ஆலுவா போன்ற ஊர்களில் வீட்டின் முதல் மாடிவரை நீர் ஏறியது. அப்போது தென்கரையின் மீனவர் தம் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு அவ்வூர்களுக்கு விரைந்தனர். ஏறத்தாழ 670 வள்ளங்களும் 4,000க்கும் மேற்பட்ட மீனவரும் சேர்ந்து 65,000 பேரை மீட்டதாக அரசுக் கணக்கு கூறுகிறது. அவர்கள் மீட்டவருள் பலர் வசதி மிக்க வீட்டினர். வெளிநாட்டுப் பணத்தால் உயர்ந்த மாடியும் உயர்ந்த மதிலும் உடையோர். வெள்ளத்தில் வள்ளத்தைச் செலுத்துவோருக்கு அம்மதில்கள் இடையூறாகவும் இருந்தன. முந்திய ஆண்டு உதவிக்குக் காத்திருந்து உறவினரை இழந்தவர்களே, அடுத்த ஆண்டு எவரும் அழைக்கக் காத்திராமல் உதவச் சென்றனர்.

ஒக்கிக்குப் பின் சில நன்மைகள் நேர்ந்தன. 2018இல் திருவனந்தபுரத்தில் புயல் எச்சரிக்கை மையம் அமைந்தது. நடுக்கடலிலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகள் மீனவருக்கு வழங்கப்பட்டன. இவை வேண்டியவையே. ஆனால் கருவி வந்துவிட்டது, இனி அச்சமில்லை என்று இருந்துவிட்டால், நாமும் தாரோ ஊரார் சுவரை நம்பியதுபோல் நம்பியவர்களாவோம்.

8. மாணவர் செய்யத்தக்கவை

நாமும் மெல்ல மெல்லச் செல்வராகி வருகிறோம் என்பதை மறக்கலாகாது. கோட்டுகாலின் அண்டை ஊரான விழிஞ்ஞத்தில் 2025 மே மாதத்தில் பெருந்துறைமுகம் திறக்கப்பட்டது. ஓலைக் குடில்கள் கற்காரை வீடுகளாகின்றன. கரை நெடுகக் கருங்கல் கடற்சுவர்கள் எழுந்துள்ளன. பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்க, பெரிய வீடுகளில் முதியோர் தனியே வாழ்கின்றனர். சுவர், வசதி, தனிமை என மேலே கண்ட காரணங்கள் ஒவ்வொன்றாக நம் ஊருக்குள்ளும் நுழைகின்றன. செல்வம் வரட்டும், அதனை வேண்டாமென்று சொல்வார் எவருமில்லை. அது வரும்போது நம்மிடம் முன்பே உள்ளவற்றை இழந்துவிடாமல் காப்பதே நம் கடமை.

இதற்கு மாணவர் செய்யக்கூடியவை எளியவை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, தத்தம் தெருவில் தனித்து வாழும் முதியோர், நடக்க இயலாதோர், கைக்குழந்தை உடையோர் யார் யார் என ஒரு பட்டியல் எழுதலாம். ஒவ்வொருவரையும் அழைத்துச் செல்லும் பொறுப்பை ஓர் இளைஞரிடம் ஒப்படைக்கலாம். பட்டியலின் ஒரு படி ஊராட்சியிலும், ஒரு படி கோவிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ இருக்கட்டும். மின்சாரமும் செல்பேசியும் நின்றுவிட்டால் மணியோசையும் ஒலிபெருக்கியுமே துணை. எந்த ஓசை எதைக் குறிக்கும் என்பதை ஊரார் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது மொழிப் பணி. தமிழ் மாணவர்க்கே உரிய பணி. தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வானிலை அறிக்கை கூறும். கச்சான் காற்றையும் வாடைக் காற்றையும் உடம்பால் அறிந்த ஒரு மீனவருக்கு இச்சொற்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை உணர்த்துவதில்லை. இன்று மாலைக்குள் கரை சேர்க, வள்ளத்தை மேட்டில் ஏற்றுக, இன்ன பள்ளிக்குச் செல்க என்று அறிக்கையைச் செயலாக மாற்றிச் சொல்ல வேண்டும். எல்லைப்புற ஊர்களில் அதனைத் தமிழிலும் மலையாளத்திலும் சொல்ல வேண்டும். இரு மொழியும் அறிந்த நம்மவரைவிட இதற்குத் தகுந்தவர் யார்?

மூன்றாவது, ஒத்திகை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பள்ளியிலும் விடுதியிலும் அதனைச் செய்து பார்க்க வேண்டும். எச்சரிக்கை வந்து புயல் வராமற்போனால், வீணாக அலைக்கழித்தனர் என்று நகைப்பதை நாம் விட வேண்டும். வராத புயலுக்காக ஓடியதும் ஓர் ஒத்திகையே. அந்நகைப்புக்கு அஞ்சியே அதிகாரிகள் அடுத்த முறை வாய் திறக்கத் தயங்குகின்றனர். சொன்னவரைப் பழிக்காத ஊரில்தான் காலத்தில் சொல்பவர் இருப்பார்.

நண்பர்களே! செல்வ நாடுகள் தடுமாறியதைக் கண்டு நாம் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. அங்கு மாண்டோரும் நம்மைப் போன்ற மக்களே. பொருளால் கட்டத்தக்கவற்றைக் கட்டுவோம். பொருளால் கட்ட முடியாதவற்றை, அதாவது அண்டையாரை அறிந்திருத்தலையும் காலத்தில் துணிந்து சொல்லுதலையும் கடைசி மனிதனை நினைத்தலையும், பழகிப் பழகி வளர்ப்போம். அடுத்த புயல் எந்நாளில் வரும் என்பதை எவரும் சொல்ல இயலாது. அது வரும் நாளில் நம் தெருவில் எந்த வீட்டுக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்பதை நாம் இன்றே அறிந்து வைக்கலாம்.